குறட்டையும் பக்கவாதமும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவிற்கு வந்த ஒரு தலைமையாசிரியன் கல்வியைப் பற்றிப் பேசாது குறட்டையைப் பற்றிப் பேசுகின்றானே என்று உங்களிற் சிலர் வியக்கலாம். தலைப்பை அறிவித்தவுடன் அவையில் எழுந்த சிரிப்பொலியை நானும் கேட்டேன். குறட்டை என்றாலே நமக்குச் சிரிப்புத்தான். குறட்டை விடுபவருக்குக் கும்பகருணன் என்று பெயர் சூட்டுவோம். 'கொடுத்து வைத்த மனிதர், படுத்தவுடன் தூங்கிவிடுகிறார்' என்று பொறாமையும் கொள்வோம். அந்தச் சிரிப்பிற்கும் பொறாமைக்கும் பின்னே ஒரு நோய் மறைந்திருக்கக்கூடும் என்பதைச் சொல்லவே வந்துள்ளேன்.

இதற்கும் கல்விக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. முப்பதாண்டு ஆசிரியப் பணியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பழகியவன் நான். ஒழுங்காக வந்து கொண்டிருந்த ஒரு மாணவன் பெயருக்கு நேரே திடீரென்று வரிசையாக வராதோர் குறி விழும். ஆள் அனுப்பி விசாரித்தால், "அப்பாவுக்குக் கை கால் விளங்கவில்லை ஐயா, பையன் வேலைக்குப் போகிறான்" என்று விடை வரும். பெண் பிள்ளையாயின் படுத்த படுக்கையாகிவிட்ட தாயைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிட்டாள் என்பார்கள். நிலமும் சேமிப்பும் உள்ள குடும்பம் இத்தகைய இடியைத் தாங்கிக்கொள்ளும். நாள்தோறும் உழைத்தாலன்றி உலை ஏறாத குடும்பத்தில் ஒருவர் விழுந்தால் அவரோடு ஒரு பிள்ளையின் படிப்பும் விழுகிறது. ஆகவே பக்கவாதத்தைத் தடுப்பதும், வந்துவிட்டால் அதிலிருந்து மீள்வதும் ஒரு கல்விச் சங்கம் கவலைப்படத்தக்க செய்திகளே என்பது என் துணிபு.

முதலில் நோயை அறிவோம். பாரிசவாயு என்று முதியோர் கூறும் பக்கவாதம், பெயரில் வாயு இருப்பினும், வாயுவால் வருவதன்று. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது. அடைப்பால் வருவதே மிகுதி. மூளையின் எப்பகுதிக்கு இரத்தம் நின்றதோ அப்பகுதி ஆளும் உறுப்பு செயலிழக்கிறது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகைப்பழக்கம், கட்டுக்கு மீறிய மது, இதயத் துடிப்பின் சீர்கேடு ஆகியவை இதன் காரணங்கள் என்பதை நீங்கள் மருத்துவமனைச் சுவர்களில் படித்திருப்பீர்கள். உறக்கத்தில் ஏற்படும் மூச்சுத் தடையும் இந்நோயோடு தொடர்புடையது என்பது அச்சுவர்களில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. மருத்துவர்கள் இதனை 'ஸ்லீப் ஆப்னியா' என்பர். நாம் 'உறக்க மூச்சுத் தடை' என்று வழங்குவோம்.

அது எவ்வாறு நிகழ்கிறது? நாம் விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்புடன் நின்று மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கியதும் அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்திருப்பின் நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிகிறது. குறுகிய அப்பாதையில் காற்று நுழையும்போது தொண்டையின் மென்மையான பகுதிகள் அதிர்கின்றன. அவ்வதிர்வின் ஒலியே குறட்டை. இதனளவில் இது பெருந்தீங்கன்று. குறட்டை விடுவோர் எல்லாரும் நோயாளிகளும் அல்லர்.

ஆனால் சிலருக்குப் பாதை குறுகுவதோடு நில்லாமல் அடைபட்டே போகிறது. அப்போது குறட்டையொலி சட்டென்று நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் போராடும். காற்றோ உள்ளே செல்லாது. இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு இறங்கும். ஆபத்தை உணர்ந்த மூளை ஒரு கணம் விழிப்புக் கொண்டு தசைகளை உசுப்பும். உடனே பெரும் ஓசையுடன், நீரில் மூழ்கியவன் மேலே வந்து மூச்சு வாங்குவதுபோல, அவர் மூச்சை இழுப்பார். மீண்டும் உறங்குவார், மீண்டும் அடைபடும். மறுநாள் கேட்டால் அவருக்கு ஒன்றும் நினைவிராது.

மூச்சு 10 விநாடியாவது நின்றாலோ, அவ்வளவு நேரம் மிகக் குறைந்து பிராணவாயு இறங்கினாலோ, அதனை ஒரு தடை என்று மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். மணிக்கு 5 முதல் 15 வரை தடைகள் வருமாயின் நோய் இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30-க்கு மேற்பட்டால் கடுமையானது. மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 30 தடை வீதம் ஏழு மணி நேரம் உறங்குபவர் ஓர் இரவில் 210 முறை மூச்சுக்குத் திணறி எழுகிறார். இதனையா நாம் சுகமான தூக்கம் என்று பொறாமைப்படுவது?

ஒவ்வொரு திணறலின்போதும் உடல் ஓர் அபாயத்தை எதிர்கொள்வதுபோல நடந்துகொள்கிறது. இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் மேலெழுகிறது. நலமுள்ளோருக்கு இரவில் இரத்த அழுத்தம் இயல்பாகவே தாழும். குழாய்களுக்கு அதுவே ஓய்வு நேரம். இந்நோயாளிகளுக்கு அவ்வோய்வு கிட்டுவதில்லை. நாளடைவில் பகலிலும் இரத்தக் கொதிப்பு நிலைபெறுகிறது. மூன்று வகை மாத்திரை விழுங்கியும் கொதிப்பு அடங்காதவர்களைச் சோதித்தால் பலரிடத்தில் இம்மூச்சுத் தடை காணப்படுகிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஒருவகை நோயும் இவர்களிடத்தில் மிகுதி. அந்நோயில் இதயத்தின் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகி, அக்கட்டி மூளைக்குச் சென்று குழாயை அடைக்கலாம். தொண்டையில் தோன்றிய தடை மூளைவரை சென்று தாக்கும் வழி இதுவே.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1022 பேரைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து கண்ட முடிவை 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வயது, எடை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு முதலிய பிற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும், உறக்க மூச்சுத் தடை உடையோர்க்குப் பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. பல நாடுகளில் நிகழ்ந்த 29 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த மற்றொரு கணக்கு, பக்கவாதம் கண்டோரில் நூற்றுக்கு 72 பேரிடம் ஓரளவேனும் இத்தடை இருந்ததாகக் கூறுகிறது. சிலருக்கு இது பக்கவாதத்திற்கு முன்னரே இருந்து அதனைக் கொண்டுவந்திருக்கலாம். வேறு சிலருக்குப் பக்கவாதமே தொண்டைத் தசைகளைத் தளர்த்தி இதனை உண்டாக்கியோ மிகுவித்தோ இருக்கலாம். மூச்சு விடும் கட்டளையை மூளையே விட்டுவிட்டு அனுப்பும் இன்னொரு வகையும் உண்டு. எவ்வாறாயினும், பக்கவாத நோயாளி படுத்திருக்கும் வீட்டில் இத்தடையும் இருக்க வாய்ப்பு மிகுதி என்பதை மறவாதீர்கள்.

இனி என் உரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன். பக்கவாதம் வந்தவரை நாம் பகலில் நன்றாகவே கவனித்துக்கொள்கிறோம். மாத்திரை கொடுக்கிறோம், கை கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி அளிக்கிறோம், பிடித்து நடத்துகிறோம். இரவு வந்ததும் 'பாவம், தூங்கட்டும்' என்று விளக்கை அணைத்துவிடுகிறோம். அவ்விரவில் அவர் மூச்சுக்குத் திணறுவாராயின் பகலில் நாம் கட்டியதில் ஒரு பகுதி இரவில் இடிந்து போகிறது.

எவ்வாறெனில், அடைப்பால் முற்றும் மடிந்த மூளைப் பகுதியைச் சுற்றி, மடியாமலும் முழுவதும் இயங்காமலும் தத்தளிக்கும் பகுதி ஒன்று முதல் நாட்களில் உண்டு. அதற்கு வேண்டியது தடையற்ற இரத்தமும் பிராணவாயுவும். இரவெல்லாம் பிராணவாயு இறங்கியேறுவது அதற்குக் கேடு. அடுத்து, மீட்சி என்பதே ஒரு கல்வி. இடது காலை எவ்வாறு எடுத்து வைப்பது, கரண்டியை எவ்வாறு பிடிப்பது, 'தண்ணீர்' என்ற சொல்லை எவ்வாறு ஒலிப்பது என்பவற்றை நோயாளி குழந்தையைப்போல மறுபடியும் கற்கிறார். பகலில் கற்ற பாடத்தை மூளை உறக்கத்தின்போது உறுதிப்படுத்திக்கொள்கிறது என்பது இன்றைய அறிவியல் கண்டுள்ள உண்மை. இரவு முழுவதும் துண்டு துண்டாக உறங்கிய மாணவனுக்கு மறுநாள் பாடம் ஏறுமா? பயிற்சி தரும்போது நோயாளி கண்ணயர்ந்து சாய்கிறார். எதிலும் மனம் வைக்காமல் இருக்கிறார். வீட்டார் 'இவருக்கு மனமில்லை, சோம்பல்' என்று சலித்துக்கொள்கின்றனர். அது சோம்பலாக இல்லாமல், பல நாள் பட்ட உறக்கக் கடனாக இருக்கக்கூடும்.

இதற்கு மருத்துவம் உண்டா? உண்டு. 1980-க்கு முன் கடுமையான நோயாளிகளுக்கு இருந்த வழி கழுத்தில் துளையிட்டு மூச்சுக் குழாயைத் திறப்பது ஒன்றே. அவ்வாண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் எளியதொரு வழியைக் கண்டார். மூக்கின் வழியே காற்றைச் சிறிது அழுத்தத்துடன் இடைவிடாது செலுத்தினால் அக்காற்றே தொண்டையை உள்ளிருந்து தாங்கி மூடவிடாமல் காக்கும் என்பது அவர் எண்ணம். தூசி உறிஞ்சும் எந்திரத்தின் மோட்டாரைக் காற்றை ஊதுமாறு திருப்பியமைத்து அவர் சோதித்தார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட வெற்றியை 1981-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். 'சி-பேப்' என்று இன்று வழங்கப்படும் கருவி அதன் வழிவந்ததே. நோயாளி முகமூடி ஒன்றை அணிந்து உறங்குவார். சிறுபெட்டி ஒன்று காற்றை அனுப்பிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

இக்கருவியைப் பற்றி மிகைபடப் பேசுவது முறையன்று. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில், இதய நோயோ மூளைக் குழாய் நோயோ உடைய 2717 பேரிடம் நிகழ்ந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2016-இல் வெளிவந்தது. கருவி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் கருவி பெற்றோர் அதனை அணிந்த நேரம் இரவுக்குச் சராசரி 3.3 மணிதான் என்பதையும் அவ்வாய்வே கூறுகிறது. நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் அணிந்தோரைத் தனியே பிரித்துப் பார்த்தபோது அவர்களிடம் பக்கவாதம் குறைவாக இருந்தது. மேலும் கருவியைப் பயன்படுத்தியோருக்குப் பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. வேலைக்குச் செல்லாத நாட்களும் குறைந்தன. பக்கவாதம் வந்த சில நாட்களிலேயே கருவியைத் தொடங்கிப் பார்த்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. அதில் ஒரு மாத முடிவில் கருவி பெற்றோரின் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. வேறு சில ஆய்வுகளில் பயன் அவ்வளவு தெளிவாகத் தோன்றவில்லை.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? கருவி மந்திரக்கோல் அன்று. அது இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு மாற்றும் அன்று; மருத்துவர் தந்த எம்மாத்திரையையும் கருவியை நம்பி நிறுத்தலாகாது. பயன் பெற வேண்டுமாயின் நாள்தோறும் இரவு முழுவதும் அணிய வேண்டும். சீருடையைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவன் மாணவனாவதில்லை.

சரி, நம்மால் ஆவது என்ன? இந்நோயில் ஒரு விந்தை உண்டு. நோயாளி தன் நோயைக் காண முடியாது. தலைவலியைத் தலைவலிக்காரர் சொல்வார். உறக்கத்தில் மூச்சு நின்றதை உறங்கியவர் எங்ஙனம் சொல்வார்? அருகில் விழித்திருப்பவரே சொல்ல வேண்டும். ஆகவே மருத்துவருக்கு வேண்டிய முதற்சான்று வீட்டிலுள்ள உங்களிடம்தான் இருக்கிறது. இதற்குப் பட்டம் வேண்டியதில்லை, பணம் வேண்டியதில்லை. ஓர் இரவில் ஒரு மணி நேரம் விழித்திருந்தால் போதும்.

கவனிக்க வேண்டியவற்றைக் கூறுகிறேன், இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள். குறட்டை அடுத்த அறைக்குக் கேட்குமளவு உரத்துள்ளதா? இடையிடையே ஒலி நின்று, மூச்சும் நின்று, பின் திணறலுடன் தொடங்குகிறதா? நின்ற நேரத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். காலையில் வாய் வறண்டு தலைவலியுடன் எழுகிறாரா? இரவில் பன்முறை சிறுநீருக்கு எழுகிறாரா? பேருந்திலும், திண்ணையிலும், பேசிக்கொண்டிருக்கும்போதும் கண்ணயர்கிறாரா? இரத்தக் கொதிப்பு உண்டா? வயது ஐம்பதைக் கடந்தவரா? கழுத்தின் சுற்றளவு 40 செண்டிமீட்டருக்கு மேற்பட்டதா? இவற்றில் பலவற்றிற்கு 'ஆம்' என்பது விடையாயின் மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள். இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி உள்ளது. அவர் உறங்குவதைச் சில நிமிடங்கள் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கவாதம் வந்தவர்கள் மெலிந்த உடலினராக இருக்கலாம்; பகல் தூக்கத்தைப் பற்றி முறையிடாமலும் இருக்கலாம். 'பருமனானவர்க்கே இது வரும்' என்று எண்ணி அவர்களை விட்டுவிடாதீர்கள்.

உழைத்துக் களைத்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். இருள் பிரியுமுன் துடைப்பம் எடுத்துத் தெருவிற்குச் செல்வோர், இரவுக் காவல் இருப்போர், வண்டி ஓட்டுவோர் ஆகியோரின் பகல் அயர்வை நாம் வேலைக் களைப்பு என்றே எண்ணிவிடுகிறோம். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பது பழமொழி. உழைத்தவனுக்குக் கட்டாந்தரையிலும் உறக்கம் வரும் என்பது உண்மையே. எட்டு மணி நேரம் உறங்கி எழுந்த பின்னும் களைப்புத் தீராவிடில் உறக்கத்தில்தான் குறை என்று ஐயுறுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கும் இந்நோய் வரும். மாதவிலக்கு நின்ற வயதிற்குப் பின் கூடுதலாகவே வரும். பெண் குறட்டை விடுவதை இழிவாக எண்ணி வீட்டில் எவரும் சொல்லுவதில்லை. சொன்னாலும் நீங்கள் நாணி மறைத்துவிடுகிறீர்கள். கணவரின் மூச்சைக் கவனிக்க நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் மூச்சைக் கவனிப்பவர் யார்? வீட்டில் படித்த மகனும் மகளும் அப்பொறுப்பை ஏற்க வேண்டும்.

ஐயமுள்ளவர்களை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நரம்பியல் பிரிவிலோ, நெஞ்சக நோய்ப் பிரிவிலோ, காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ இதனைச் சொல்லலாம். உறக்கத்தின்போது மூச்சு, பிராணவாயு, இதயத் துடிப்பு ஆகியவற்றை இரவு முழுவதும் பதிவு செய்யும் சோதனை உண்டு. எந்த வகைத் தடை, எவ்வளவு கடுமை என்பதை அது காட்டும். கருவி வேண்டுமா, எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். எவரோ பயன்படுத்திய கருவியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வது தவறு.

கருவியின் விலை பல ஆயிரம் ரூபாய். எளியோர்க்கு அது பெருஞ்சுமை என்பதை அறிவேன். எனினும் காசில்லாமல் செய்யக்கூடியவை சில உள. மல்லாந்து படுக்கும்போதே தடை மிகுமாதலால் ஒருக்களித்துப் படுக்கப் பழகலாம். பக்கவாத நோயாளியை ஒருக்களிக்கும்போது விளங்காத தோளும் கையும் நசுங்காமல் தலையணை வைத்துத் தாங்க வேண்டும். அதனைப் பயிற்சியாளரிடம் கேட்டறிந்து செய்க. இரவில் மது அருந்துவது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும்; விட்டொழிக்க வேண்டும். தூக்கம் சரியில்லை என்று கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சிலவகை மாத்திரைகள் மூச்சுத் தடையைக் கூட்டும். பருமனானவர் எடையைக் குறைத்தால் தடையும் குறையும். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே வீடு தேடி வரும் பணியாளர்கள் இரத்தக் கொதிப்பிற்கும் நீரிழிவிற்கும் மாத்திரை தருகின்றனர். அவர்கள் வரும்போது உறக்கத்தைப் பற்றியும் சொல்லி வைப்பது நல்லது.

மற்றொன்று. பக்கவாதம் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உறக்கத்திலேயே நேர்ந்து, விழிக்கும்போது தெரிய வருகிறது. முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தூக்க இயலாமல் சரிந்தாலும், பேச்சுக் குழறினாலும் உடனே 108 எண்ணிற்குத் தொலைபேசி செய்க. புறாவின் இரத்தம் தடவுவோர் வீட்டைத் தேடிச் சென்று பொழுதைக் கழிக்காதீர்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். விரைந்து செலுத்துந்தோறும் பயன் மிகும். நோயாளியைக் கடைசியாக நல்ல நிலையில் கண்ட நேரம் எது என்பதை நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இறுதியாக இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். இச்சங்கத்தின் இரவுப் பாடசாலையிலும் நூலகத்திலும் படித்து முன்னேறியவர்கள் நீங்கள். உங்கள் தெருவில் பக்கவாதத்தால் படுத்திருப்போர் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். இருவர் இருவராகச் சேர்ந்து அவ்வீடுகளுக்குச் செல்லுங்கள். நான் சொன்ன வினாக்களைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அவ்வீட்டார்க்கு மருத்துவமனையின் வாயில் எது, சீட்டு எங்கே வாங்குவது, எந்தப் பிரிவில் நிற்பது என்பது தெரியாதிருக்கலாம், உடன் செல்லுங்கள். சங்கப் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நூலகத்தில் நூல்களை இரவல் தருகிறோம். அதுபோலவே மருத்துவரின் சீட்டுப் பெற்றவர்க்கு இரவல் தர, இவ்வெள்ளி விழாவின் நினைவாகக் கருவிகள் இரண்டேனும் வாங்கி வைக்கலாகாதா? ஒருவர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கினால் அவ்வீட்டுப் பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் நிலைத்திருக்கும். நாம் நடத்தும் பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமான நன்கொடை வேறு உண்டோ என்று எண்ணிப் பாருங்கள்.

இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும், முதியவர் உறங்கிய பின் சிறிது நேரம் அருகில் அமர்ந்து அவர் மூச்சைக் கேளுங்கள். ஒலி சீராக இருப்பின் மகிழ்ச்சியோடு நீங்களும் உறங்குங்கள். நின்று நின்று வருமாயின் நாளைக்கே புறப்படுங்கள்.